ஒன்பதாம் கேள்வி

ஞாயிறுபள்ளி அறையைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை.
ஆறு வயதுக்காரர்களின் நாற்காலிகளில்
முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருக்கிறோம்,
மிஷன் கமிட்டியார் ஐந்து பேர்.
சுவரில் நோவாவின் பேழை.
இரண்டாவது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து உரிந்து தொங்குகிறது.
ஏர்கான் சொட்டுக்கு அடியில் மைலோ டின்.
உட்லண்ட்ஸ் போகும் ரயில் கடக்கும்போதெல்லாம்
ஜெபம் கொஞ்சம் நின்று தொடர்கிறது.

நான் செயலாளர். நடப்புக் குறிப்பு எழுதுகிறவன்.

ஒன்பதாம் கேள்விதான் எங்களுக்குப் பிரியமான கேள்வி:
"இந்த அழைப்புக்காக நீங்கள் விட்டுவிடுவது என்ன?"
முன்பு வந்த பெனாயா
பொங்கோலில் குலுக்கலில் விழுந்த நாலறை வீட்டை எழுதியிருந்தான்,
எத்தனையாவது மாடி என்பது வரைக்கும்.
பியூலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
கேக் வெட்டி அனுப்பினோம்.
எட்டு மாதத்தில் டெங்கியோடு திரும்பினான்.
இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறான்,
கடைசி வரிசையில் உட்கார்ந்து
ஆசீர்வாதம் முடிவதற்குள் கிளம்பிவிடுகிறான்.
அவனை ஒரு கோப்பிக்கு அழைக்க வேண்டும் என்று
மூன்று கூட்டங்களில் குறித்திருக்கிறேன்.

இன்று எப்சிபா. முப்பத்து நாலு. பிசியோதெரபிஸ்ட்.
கம்போடியாவில், மண்சாலை முடிகிற ஊரில்,
செயற்கைக்கால் செய்யும் பட்டறைக்குப் போக மனு.
ஒன்பதாம் கேள்விக்கு எதிரே ஒரு சிறு கோடு.

"விட்டுப்போச்சாம்மா?" என்றார் தலைவர் ஞானதிக்கம்.
"இல்லீங்க ஐயா. யோசிச்சுத்தான் போட்டேன்."
"அம்மா தனியா இருப்பாங்களே?"
"ரூமை வாடகைக்கு விடலாம்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."
"வேலை?"
"அங்கேயும் இதே வேலைதானே."
"கல்யாணம்..." என்று தொடங்கிய பியூலா அக்கா
பேனா மூடியைத் தேடக் குனிந்துவிட்டார்.

மோரியா மலைக்கு ஏறி வந்துவிட்டோம்.
விறகு இருந்தது, நெருப்பு இருந்தது, கத்தியும்கூட.
பலிக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

"அப்போ எதுக்கும்மா போறே?"

"எங்க வார்டுல மிஸ்டர் கோன்னு ஒருத்தர். சர்க்கரையில கால் போச்சு.
பதினோரு வாரம் என்னைத் திட்டிக்கிட்டே நடந்தார்.
ஒரு செவ்வாய்க்கிழமை கம்பியை விட்டுட்டார்.
விட்டது அவருக்கே தெரியல.
அந்த நொடி, ஐயா. அது எனக்கு இன்னும் வேணும்.
ஆண்டவர் அங்கேதான் நிக்கிறார்னு தோணுது.
ஆசைதான். வேற பேர் தெரியல."

தலைவர் என் பக்கம் திரும்பினார்.
"ஆசைன்னு எழுதாதீங்க. பாரம்னு போடுங்க. ஆத்தும பாரம்."
"பாரம் இருபது கிலோதான் ஐயா,
அதுக்கு மேல பட்ஜெட் விமானத்துல காசு கேப்பான்."
யாரும் சிரிக்கவில்லை. நான் இருமினேன்.

இருபத்தாறு வயதில் நானும் இதே தாளை நிரப்பினேன்.
ஒன்பதாம் கேள்விக்கு மட்டும் மூன்று பக்கம்,
மையில் கண்ணீர் விழுந்து பரவிய இடம் உட்பட.
அழுதது நிஜம்.
சபை எழுந்து நின்று பாடியது.
பிறகு துறைமுகத்தில் பதவி உயர்வு வந்தது.
அந்த மூன்று பக்கத்தை யாரும் கணக்குக் கேட்கவில்லை.
அதன் சூட்டில் முப்பத்தைந்து வருடம் குளிர்காய்ந்திருக்கிறேன்.
போகாத ஊருக்கு வழி சொல்லும் கமிட்டியில்
இடமும் கிடைத்தது.

பாரம் என்று எழுதினேன். அடித்தேன்.
ஆசை என்று எழுதி அப்படியே விட்டேன்.
கையெழுத்துப் போடும்போது தலைவர் கண்ணாடி அணிவதில்லை.

முடிவு ஜெபம் ஆயிற்று. இனி எழ வேண்டும்.
தலைவர் இரண்டு தடவை முயன்று
இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டார்.
அவள் பையைக் கீழே வைத்து எதிரே வந்து நின்றாள்.
"பாதத்தைப் பின்னால இழுங்க ஐயா.
முன்னால சாயுங்க. இன்னும். மூக்கு கால்விரலைத் தாண்டணும்.
என்னைப் பிடிக்காதீங்க. இப்போ."

எழுந்தார்.
அப்போது அவள் முகம் இருந்த விதத்துக்கு
குறிப்பேட்டில் இடம் இல்லை.

அடுத்து பியூலா அக்கா, அதற்கடுத்து மற்றவர்கள்.
கடைசி ஆளாக நான்
நோட்டை மூடிவிட்டுப்
பாதத்தைப் பின்னால் இழுத்தேன்.